இலக்கியச் சஞ்சிகையில மூன்று மாதப் பயிற்சி: போறதுக்கு முதல் என்ன தெரிஞ்சு வைக்கணும்?

கல்முனைப் பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழக வந்தாறுமூலை வளாகத்தில தமிழ்ச் சிறப்புக் கற்கை, மூன்றாம் வருசம். மட்டக்களப்பு டவுனில இருந்து வாற ஒரு காலாண்டுச் சஞ்சிகையில மூன்று மாதத்துக்கு ஆசிரியர் குழுப் பயிலுநராச் சேரச் சொல்லியிருக்காங்க. தனிக் கந்தோர் இல்லை, ஆசிரியர் வீட்டு முன்னறைதான். சம்பளமும் இல்லை, பஸ் காசு தருவாங்க. அதெல்லாம் பிரச்சினை இல்லை.

இலக்கணம் படிச்சிருக்கிறன், விமர்சனக் கட்டுரையும் எழுதியிருக்கிறன். ஆனா ஒரு படைப்பு கையில கிடைச்சதில இருந்து அச்சாகிற வரைக்கும் நடுவில என்ன நடக்குது என்று தெரியாது. புரூப் (அச்சுக்கு முதல் பிழை பார்க்க எடுக்கிற படி) எப்படிப் பார்க்கிறது? பாமினி எழுத்துருவில வாறதை யுனிகோடுக்கு மாத்தினா எழுத்து சிதையுதே, அதுக்கு என்ன வழி? வட்டார வழக்கைத் திருத்தலாமா, விடணுமா? முடிவில துறைக்கு ஒரு பயிற்சி அறிக்கையும் குடுக்கணும். அனுபவமுள்ள அண்ணாமார், அக்காமார் விவரமாச் சொன்னா உதவியா இருக்கும்.

ஒப்புநோக்கி

தங்கச்சி, முதல் இரண்டு கிழமையும் உங்கட தலையில விழப்போறது பாமினிதான். அதனால அதில இருந்தே தொடங்குறன்.

பாமினிக் கோப்புக்குள்ள உண்மையில தமிழ் எழுத்தே கிடையாது. உள்ளுக்கு இருக்கிறது ஆங்கில எழுத்தும் குறியீடும். அதுகளுக்கு மேல தமிழ் வடிவத்தை வரைஞ்சு வச்ச எழுத்துரு அது, அவ்வளவுதான். யுனிகோடுக்கு மாத்துற மென்பொருள் ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் அதுக்குரிய தமிழ் எழுத்தா மாத்திக்கொண்டு போகும். எந்த இடம் பாமினி, எந்த இடம் உண்மையான ஆங்கிலம் என்று அதுக்குத் தெரியாது. சிதைவு முழுக்க இதாலதான் வருது. அதனால பிழைகள் ஒரே மாதிரி வரும், எங்க வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம்.

முதலாவது காற்புள்ளி. ஆங்கிலக் காற்புள்ளி இருக்கிற விசையில பாமினிக்கு ‘இ’ இருக்கு. எழுத்தாளர் காற்புள்ளியை மட்டும் வேற எழுத்துருவில போட்டிருந்தா, மாத்தினதும் ‘கல்முனைஇ ஒலுவில்இ அக்கரைப்பற்று’ என்று வந்து நிக்கும். தமிழில சொல்லுக்குக் கடைசியில தனி ‘இ’ ஒட்டாது. அதனால ‘இ’யையும் அதுக்குப் பின்னால ஒரு இடைவெளியையும் சேர்த்துத் தேடினா எல்லாம் பிடிபடும். பெயருக்கு முன்னால வாற ‘இ.’ என்ற முதலெழுத்துக்குப் பிறகு புள்ளி இருக்கிறதால அது இதில மாட்டாது. அரைப்புள்ளி இதே மாதிரி மெய்யெழுத்துப் புள்ளியா மாறி முன்னெழுத்தில ஏறி உட்காரும். சதுர அடைப்புக்குறி ‘ஜ’, ‘ஸ’ ஆகும். மேற்கோள் குறியைச் சிலர் குறியீட்டு விசைகளை இரண்டு தரம் தட்டிப் போடுவாங்க, அது ‘ஷஷ’ என்று தொடங்கி ‘||’ என்று முடியும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத பிழைகள், இதுதான் ஆபத்து. பாமினியில ஔகாரத்துக்குத் தனி எழுத்து இல்லை, ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்துத்தான் அடிப்பாங்க. மாத்தின பிறகு ‘மௌனம்’ என்று வரவேண்டிய இடத்தில ஒற்றைக்கொம்பு, ம, ள என்று ‘மெளனம்’ வரும். அச்சில பார்த்தா ஒன்றுமே தெரியாது, தேடினா அகப்படாது. நம்மட பக்கக் கதைகளில மௌத்து, மௌலவி, மௌசு என்று எத்தனை வரும், யோசிச்சுப் பாருங்க. அதே மாதிரி ‘ர்’ அடிக்க வேண்டிய இடத்தில அரவுக்கு (‘ா’) மேல புள்ளி வச்சு விடுவாங்க, பாமினியில இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். யுனிகோடில அது ‘ா்’ என்று பிழையாகிப் போகும். இந்த இரண்டையும் ஒவ்வொரு கோப்பிலயும் கட்டாயம் தேடி மாத்துங்க.

வேலை செய்யிற முறை: வந்த கோப்பைத் தொடாம ஒரு பிரதி எடுங்க. ஆங்கிலச் சொல், மின்னஞ்சல் முகவரி, அடைப்புக்குள்ள வாற பிறமொழித் தலைப்பு எல்லாத்தையும் முதலே நிறம் போட்டு வைங்க. பந்தி பந்தியா மாத்துங்க, முழுக் கோப்பையும் ஒரேயடியாப் போடாதீங்க. கோப்போட சேர்த்து ஒரு பீடிஎப் அல்லது அச்சுப் பிரதியின்ர படம் எழுத்தாளரிட்டக் கேட்டு வாங்குங்க. அது இல்லாட்டி சிதைஞ்ச இடத்தில அவர் என்ன எழுதினார் என்று ஊகிக்கத்தான் வேணும், ஊகிச்சுத் திருத்தினது நாளைக்கு அவர்ட பெயரில அச்சில நிக்கும். கவிதை என்றா இன்னும் கவனம்: மாத்தும்போது வரி முறிவு ஒழிஞ்சு போறது சாதாரணம், கண்ணி பிரிக்கிற வெற்று வரி அதைவிட வேகமாக் காணாமப் போகும்.

இனிப் புரூப். ஒரே வாசிப்பில எல்லாத்தையும் பிடிக்க நினைக்கிறதுதான் புது ஆக்களின்ர பெரிய பிழை. முதல் வாசிப்பு மூலத்தோட ஒப்புநோக்குறது மட்டும். ஒராள் மூலத்தைச் சத்தமா வாசிக்க, மற்றவர் புரூப்பில வரிக்குக் கீழ ஒரு வெள்ளை அட்டையை நகர்த்திக்கொண்டு போகணும். காற்புள்ளி, பந்தி முறிவு எல்லாம் வாயால சொல்லணும். விடுபட்ட வரியைப் பிடிக்க இதைவிட்டா வேற வழி இல்லை. ஒரே சொல்லில முடியிற இரண்டு வரி பக்கத்துப் பக்கத்தில இருந்தா கண் நடுவில உள்ள வரியைத் தாண்டிப் போயிரும், வாசிக்கிறவர் ஓட்டத்தில போய்க்கொண்டிருக்கிறதால பொருளும் அனேகமா ஒத்துப்போகும். இரண்டாம் வாசிப்பு மொழிக்கு. மூன்றாவது பக்க வடிவத்துக்கு: பொருளடக்கத்தில உள்ள பக்க எண், மேல்தலைப்பு, எழுத்தாளர் பெயர் மூன்று இடத்திலயும் (பொருளடக்கம், தலைப்பு, குறிப்பு) ஒரே மாதிரி இருக்கா என்று.

பிழை அதிகம் தப்புறது எங்க என்று கேட்டா, பெரிய எழுத்தில. தலைப்பையும் பெயரையும் ஒருத்தரும் எழுத்துக் கூட்டி வாசிக்கிறதில்லை. அதுகளைக் கடைசியில இருந்து முதலுக்கு எழுத்தெழுத்தாப் பாருங்க. மற்றது, நீங்க சிவப்பில குறிச்ச சொல்லை வடிவமைப்பாளர் திருத்தினதும் அந்தச் சொல்லை மட்டும் பார்த்துவிட்டு டிக் போடாதீங்க. திருத்தும்போது பக்கத்துச் சொல் அழிஞ்சிருக்கும், பந்தி நகர்ந்து கடைசி வரி அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். அந்தப் பந்தி முழுக்கத் திரும்ப வாசிக்கணும்.

ஒற்று விசயத்தில கலியாணச் சண்டை மாதிரி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்சி. ஐ, கு உருபுக்குப் பிறகும், அந்த, இந்த, எந்த என்பதுக்குப் பிறகும் வலி மிகும் (க், ச், த், ப் சேரும்). ‘படித்த கதை’ மாதிரிப் பெயரெச்சத்துக்குப் பிறகு மிகாது. இந்த அளவு உறுதியா வச்சுக்கொள்ளுங்க. ‘தந்த பலகை’, ‘தந்தப் பலகை’ போல பொருள் மாறுற இடம் கட்டாயம். மற்ற இடங்களில சஞ்சிகைக்கு என்ன வழக்கமோ அதை விடாமப் பின்பற்றினாப் போதும். ஒரு கட்டுரைக்குள்ள ‘கறுப்பு’ம் ‘கருப்பு’ம், ‘டிசெம்பர்’உம் ‘டிசம்பர்’உம் மாறி மாறி வாறதுதான் வாசகர்ட கண்ணில குத்தும். கடைசி நாலு இதழை எடுத்து இந்த மாதிரிச் சொற்களை ஒரு கொப்பியில எழுதுங்க. பெரும்பாலான சிறுசஞ்சிகைக்கு எழுதி வச்ச நடைக்கையேடு கிடையாது, உங்கட கொப்பிதான் அந்தக் கையேடு ஆகப்போகுது.

பக்கக்காரன்

ஒப்புநோக்கி அண்ணன் சொன்னதோட அச்சுப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்க. பயிலுநருக்கு இது தேவையில்லை என்று நினைக்கிறதாலதான் கடைசிக் கிழமையில எல்லாரும் ஓடித் திரியிறது.

சஞ்சிகைக்குப் பக்கம் நினைச்சபடி கூட்டிக் குறைக்க ஏலாது. ஓவ்செற் அச்சில ஒரு தாளின்ர இரண்டு பக்கத்திலயும் சேர்த்து 16 பக்கம் விழுந்து மடியும் என்று வையுங்க (தாளின்ர அளவையும் இதழின்ர அளவையும் பொறுத்து இது 8 ஆகவும் வரலாம்). உள்பக்கம் 64 என்றா நாலு மடிப்பு. நீங்க 67 பக்கத்துக்கு விசயம் சேர்த்தா மூன்று பக்கம் வெட்டணும், இல்லாட்டி அரை மடிப்புக் கூட்டி 72 ஆக்கி அஞ்சு பக்கத்துக்கு ஏதாவது தேடணும். அட்டை 4 பக்கம் தனிக் கணக்கு. நடுவில பின் அடிக்கிற இதழுக்கு எப்படியும் 4ஆல பிரிபடணும்.

அதனால கதையைத் தெரிவு செய்யிற கூட்டத்துக்கு முதலே பக்கம் கணக்குப் பார்க்கப் பழகுங்க. பழைய இதழில படம் இல்லாத ஒரு முழுப் பக்கத்தை எடுத்துச் சொல்லை எண்ணுங்க. 320 வந்தா, 2400 சொல் கதைக்கு ஏழரைப் பக்கம். தலைப்புக்கும் ஓவியத்துக்கும் அரைப் பக்கம் சேர்த்தா எட்டு. இந்தக் கணக்கை ஒவ்வொரு படைப்புக்கும் பதிவேட்டில எழுதி வச்சா ஆசிரியர் உங்களைத் தேடித் தேடிக் கூப்பிடுவார். பத்துப் பன்னிரண்டு வரிக் கவிதை, அரைப் பக்க நூல் அறிமுகம் மாதிரிச் சின்னது நாலைஞ்சு எப்பவும் கையிருப்பில இருக்கணும், ஓட்டை அடைக்க.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில யுனிகோட் தமிழ் போட்டதும் கொம்பு (‘ெ’, ‘ே’), எழுத்துக்குப் பின்னால வந்து நிண்டா எழுத்துரு பழுது என்று நினைக்காதீங்க. பந்தி அமைப்பில ‘வேர்ல்ட் ரெடி’ என்ற தெரிவை எடுக்கணும், சரியாகும். பழைய அச்சகங்களில இன்னும் பேஜ்மேக்கரும் பாமினியும்தான். அங்க நீங்க பாடுபட்டு யுனிகோடாக்கினதைத் திரும்பப் பாமினியாக்குவாங்க. சிரிக்காதீங்க, அது நடக்கிறதுதான். அப்படி என்றா திரும்ப மாத்தினதை இன்னொருக்கா மூலத்தோட ஒப்புநோக்கணும்.

படம் வட்ஸ்அப்பில சாதாரணமா வந்தா அது சுருங்கின படம். ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்க, இல்லாட்டி மின்னஞ்சல். அச்சுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேணும், அதாவது 4 அங்குல அகலத்துக்கு 1200 பிக்சல். போனில பளிச்சென்று தெரியிற 600 பிக்சல் படம் அச்சில 2 அங்குலத்துக்குத்தான் காணும். அட்டைப் படம் விளிம்பு வரைக்கும் போகுது என்றா சுத்திவர 3 மில்லிமீற்றர் கூட விடணும், வெட்டும்போது வெள்ளைக் கோடு விழாம இருக்க. உள்பக்க எழுத்து தனிக் கறுப்பில இருக்கா என்று பாருங்க. நாலு நிறம் கலந்த கறுப்பா இருந்தா தாள் ஒரு மயிரளவு விலகினாலே எழுத்துக்கு நிழல் விழும்.

நம்மட பக்கத்துக்கு ஒரு விசேசம்: வருசக் கடைசி இதழ் மாரியோட மோதும். கார்த்திகை, மார்கழி ஈரத்தில தாள் நீர் குடிச்சு நெளியும், நிறம் ஒன்றுக்கு மேல ஒன்று சரியா விழாது, மை காயப் பிந்தும். காயாத அட்டையை அடுக்கிக் கட்டினா ஒன்றின்ர மை மற்றதின்ர முதுகில ஒட்டும். அந்த இதழுக்கு மட்டும் அச்சகத்துக்குக் குடுக்கிற திகதியை ஒரு கிழமை முன்னுக்கு வைக்கச் சொல்லுங்க. வந்த கட்டுகளை நிலத்தில வைக்காம பலகை போட்டு வைங்க.

கடைசிப் புரூப்பைக் கொம்பியூட்டரில பார்க்காதீங்க. உண்மை அளவில அச்செடுத்து, மடிச்சு, பின் அடிச்சுப் புரட்டிப் பாருங்க. கவிதையின்ர கடைசி இரண்டு வரி தாளைப் புரட்டினாத்தான் வரும் என்பது திரையில தெரியவே தெரியாது.

கல்முனைப் பிள்ளை

மிச்சம் நன்றி அண்ணாமார். மௌத்து விசயத்தை இண்டைக்கே ஒரு கோப்பில தேடிப் பார்த்தன், சொன்னது அப்படியே சரி. வழக்குச் சொல்லைப் பற்றி ஒருத்தரும் சொல்லல்லையே? மூத்த எழுத்தாளர் ஒராள்ட கதையில பிழை கண்டா ஒரு மாணவி எப்படிச் சொல்றது என்றும் தயக்கமா இரிக்கி.

ஒலுவில் ராத்தா

தங்கச்சி, கதைமாந்தர் பேசுறதைத் திருத்தாதீங்க. ‘இரிக்கி’, ‘வாறன்’, ‘ஓம்’, ‘என்னகா’, ‘மனே’ எல்லாம் அப்படியே நிக்கட்டும். உம்மா, வாப்பா, ராத்தா, காக்கா என்ற முறைச்சொல்லுக்கு அடிக்குறிப்புப் போடுற பழக்கத்தையும் விடுங்க. இந்தச் சஞ்சிகையை வாசிக்கிற ஆக்களுக்கு அது தேவையில்லை, தெரியாத ஆள் கதைப்போக்கில பிடிச்சுக்கொள்வார்.

நீங்க பார்க்க வேண்டியது ஒரே ஆள் ஒரே மாதிரிப் பேசுறாரா என்பதுதான். இரண்டாம் பக்கத்தில ‘போறன்’ என்ற உம்மா அஞ்சாம் பக்கத்தில ‘போகிறேன்’ என்றா அது எழுத்தாளர் வேணுமென்று செஞ்சதா, கைதவறினதா? கேக்கணும். படிச்ச மகனிட்டப் பேசும்போது பேச்சு மாறுறது உண்மையில நடக்கிறதுதான். அதனால நீங்களா முடிவெடுக்க ஏலாது. இன்னொன்று: மட்டக்களப்புத் தமிழ் வழக்கும் அக்கரைப்பற்று முஸ்லிம் வழக்கும் ஒன்றில்லை, வாவிக்குக் கிழக்கில உள்ள எழுவான்கரையும் மேற்கில உள்ள படுவான்கரையும் கூட ஒன்றில்லை. உங்கட ஊர்ப் பேச்சுக்கு ஒத்துவரல்ல என்று இன்னொரு ஊர்ப் பேச்சைப் பிழை என்று குறிச்சிராதீங்க.

மூத்தவங்களுக்குச் சொல்றது கஷ்டமில்லை, முறை தெரிஞ்சாச் சரி. ‘பிழை’ என்ற சொல்லே வரப்படாது. இடத்தைக் காட்டுங்க, காரணத்தைச் சொல்லுங்க, கேள்வியா விடுங்க. இப்படி: “பக்கம் 3, பந்தி 2. கதை 1955இல் நடக்கிறது. அதில் ‘அம்பாறை மாவட்டம்’ என்று வருகிறது. அம்மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. கதைசொல்லி இன்றைய நோக்கில் சொல்வதாகக் கொள்ளலாமா, அல்லது மாற்ற விரும்புகிறீர்களா?” இப்படிக் கேட்டா கோபிக்கிறவர் அபூர்வம். கேள்விகளை ஒன்றொன்றா வட்ஸ்அப்பில தட்டாம எல்லாத்தையும் ஒரே கடிதத்தில, ஆசிரியர் பார்த்த பிறகு, ஆசிரியர் பெயரிலயே அனுப்புங்க.

கதைதானே என்று வருசங்களை விட்டிராதீங்க. சூறாவளி 1978 நவம்பர் 23, சுனாமி 2004 டிசம்பர் 26. இந்த இரண்டும் நம்மட கதைகளில திரும்பத் திரும்ப வரும், வாசகர்களில பாதிப் பேர் அந்த நாளைக் கண்டவங்க. கல்லடியில புதுப் பாலம் திறந்தது 2013. எழுபதுகளில நடக்கிற கதையில இரண்டு பாலம் பக்கத்தில பக்கத்தில நிக்கப்படாது. பழைய சஞ்சிகைகள் எப்படிச் செஞ்சாங்க என்று பார்க்க நூலகம் என்ற இணையத்தளத்தில மல்லிகை, மூன்றாவது மனிதன் இதழ்கள் இரிக்கி. ஆசிரியர் தலையங்கத்தை மட்டும் வாசிக்காம வாசகர் கடிதத்தையும் பாருங்க. எந்தப் பிழைக்கு ஆக்கள் கடிதம் எழுதுவாங்க என்று அதில தெரியும்.

ஒப்புநோக்கி

ராத்தா சொன்னதில ஒரு இடத்தில எனக்கு உடன்பாடு இல்லை. பேச்சைத் தொடப்படாது, சரி. ஆனா கதைசொல்லியின்ர நடையில ‘முயற்சித்தான்’ என்றோ, ‘அவைகள் வந்தது’ என்றோ வந்தா அதையும் கேள்வியாத்தான் வைக்கணுமா? ஒரு கதைக்கு நாற்பது கேள்வி போனா எழுத்தாளர் ஒன்றையும் வாசிக்கமாட்டார். ஒருமை பன்மை, எழுத்துப்பிழை, ஒற்று: இதுகளைச் சஞ்சிகை தானே திருத்தும் என்று படைப்புக் கோரும் அறிவித்தலிலயே ஒரு வரி போட்டுவிட்டா அலுவல் முடிஞ்சுது. கேள்வியை நாலைஞ்சோட நிறுத்துங்க.

ஒலுவில் ராத்தா

அறிவித்தலில போட்டிருந்தாச் சரிதான். போடாத சஞ்சிகைதான் கூட. கதைசொல்லியே வழக்கில சொல்ற கதை என்றா அந்தச் சலுகையும் இல்லை.

வாவிக்கரை

கடைசியா வாறன், மற்றவங்க தொடாததைச் சொல்றன்.

பதிவேடு. ஆசிரியர்ட மின்னஞ்சல், போன், தபால் என்று மூன்று வழியால படைப்பு வரும். எல்லாத்துக்கும் ஒரே தொடர் இலக்கம் போடுங்க. நிரல்கள்: இலக்கம், கிடைச்ச திகதி, தலைப்பு, வகை, பெயர், தொடர்பு, சொல் எண்ணிக்கை, கணக்கிட்ட பக்கம், வாசிச்ச இருவர்ட கருத்து, முடிவு, அறிவிச்ச திகதி, எந்த இதழ். ‘அறிவிச்ச திகதி’ நிரல் வெறுமையாக் கிடக்கிறதுதான் நம்மட சஞ்சிகைகளின்ர நோய். ஆறு மாதம் பதில் வராட்டி எழுத்தாளர் வேற இடத்துக்கு அனுப்பிருவார், இரண்டு இதழிலயும் ஒரே கதை வரும். தெரிவான உடனே, பக்கம் கட்ட முதல், வேற எங்கயும் குடுத்திருக்கிறாரா என்று கேட்டு எழுத்தில பதில் வாங்குங்க. கவிதை என்றா நடுவில இருந்து ஒரு வரியை மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடிப் பாருங்க, முகநூலிலயும். முதல் வரியைத் தேடாதீங்க, அது அடிக்கடி மாத்தப்படும்.

மறுப்புக் கடிதம் மூன்று வரி போதும்: கிடைச்சது, வாசிச்சோம், இந்த இதழில சேர்க்க ஏலல்ல. திருத்தித் தந்தாப் போடுவோம் என்று உண்மையிலயே எண்ணமிருந்தா மட்டும் அதை எழுதுங்க. மரியாதைக்கு எழுதினா மனுசன் திருத்தி அனுப்பிவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார்.

மொழிபெயர்ப்பு வந்தா மூல ஆசிரியர்ட அனுமதி எங்க என்று கேளுங்க. 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி மொழிபெயர்க்கிற உரிமையும் மூலப் படைப்பாளிக்கு உரியது, அவர் காலமாகி 70 வருசம் வரைக்கும். சிங்களக் கவிதை ஒன்றை நல்ல மனசோட மொழிபெயர்த்துப் போட்டாலும் இதே சட்டம்தான்.

சஞ்சிகைகளுக்குரிய ஐஎஸ்எஸ்என் இலக்கம் 8 தானம். கடைசித் தானத்தில எண்ணுக்குப் பதிலா ‘X’ என்ற ஆங்கில எழுத்து வரலாம், அச்சுப்பிழை என்று திருத்திராதீங்க. இதழுக்கு இதழ் அது மாறாது, சஞ்சிகையின்ர பெயர் மாறினாத்தான் மாறும். இணையப் பதிப்புக்குத் தனி இலக்கம் எடுக்கணும். இலங்கையில இதைத் தேசிய விஞ்ஞான மன்றம் குடுக்குது. புத்தகத்துக்குரிய ஐஎஸ்பிஎன் தேசிய நூலகத்திட்ட. இரண்டையும் குழப்பிச் சஞ்சிகைக்கு ஐஎஸ்பிஎன் கேட்டு விண்ணப்பிக்கிறது அடிக்கடி நடக்கிறது.

பயிற்சி அறிக்கைக்கு ஒரு படைப்பைத் தெரிவு செஞ்சு, கிடைச்ச கோப்பு, மாத்தின கோப்பு, கேள்விக் கடிதம், பதில், மூன்று புரூப், அச்சுப் பக்கம் என்று வரிசையாப் பின்னிணைப்பில வைங்க. “எழுத்துப்பிழை திருத்தினேன்” என்று ஒவ்வொரு நாளும் நாட்குறிப்பில எழுதுறதைவிட அது நூறு மடங்கு பேசும். ஆனா அந்த எழுத்தாளர்ட சம்மதம் எடுக்கணும். மறுத்த படைப்பு ஒன்றும் அறிக்கைக்குள்ள போகப்படாது, பெயரை அழிச்சாலும். மட்டக்களப்பில நாலு வரி வாசிச்சாலே ஆர் எழுதினது என்று கண்டுபிடிச்சிருவாங்க. புரூப் தாள்களை இதழ் வந்த கையோட கடைக்காரருக்குச் சுருட்டிக் குடுக்கிற வழக்கமும் உண்டு, அதனால உங்களுக்குத் தேவையானதை அச்சகம் போற அண்டைக்கே படம் எடுத்து வச்சிருங்க.